கேட்டதும் சொன்னதும்: பந்து எங்கே போனது?

போன இதழில் விம்பிள்டன் பற்றி எழுதிய பத்தியின் கடைசியில், "இணையத்தில் டென்னிஸ் ஆவணப்படம் பார்ப்பவர்கள் கேள்வி இருந்தால் அனுப்புங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். வாட்ஸ்அப்பிலும் தபாலிலும் வந்து குவிந்துவிட்டன. மலையகத்தில் கிரிக்கெட்டை விட்டால் வேறு எதையும் யாரும் பார்ப்பதில்லை என்று சொல்கிறவர்கள் ஆசிரியரின் மேசையை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

புதிய வாசகர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். என் அப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு துரைமார் கிளப்பில் டென்னிஸ் மார்க்கராக, அதாவது கோர்ட்டைப் பராமரித்துத் துரைமாரோடு பந்து அடித்துக் கொடுக்கிறவராக, இருந்தவர். நான் ஹட்டனில் கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, முதலில் கசெட்டாகவும் பிறகு சீடியாகவும் கொடுத்துப் பிழைத்தவன். டென்னிஸும் வீடியோவும் எனக்குப் பழக்கமானது இப்படித்தான். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கே: அண்ணன், போனில் டென்னிஸ் படம் பார்த்தால் பந்தே தெரிவதில்லை. ஆள் ஓடுகிறார், அடிக்கிறார், கூட்டம் கைதட்டுகிறது. பந்து மட்டும் மாயம். என் போன் பழசு என்பதாலா?
– உயர்தர மாணவன், பொகவந்தலாவை

ப: போனைக் குறை சொல்ல வேண்டாம், தம்பி. டென்னிஸ் பந்தின் குறுக்களவு ஆறரை சென்ரிமீற்றர் சொச்சம். கோர்ட்டின் நீளம் 23.77 மீற்றர். முழுக் கோர்ட்டையும் ஒரே சட்டத்துக்குள் காட்டினால் பந்துக்குக் கிடைப்பது ஒரு பொட்டு இடம்தான். அந்தப் பொட்டு சும்மாவும் இருக்காது. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சேர்வ், அதாவது புள்ளியைத் தொடங்கும் முதல் அடி, புறப்பட்டால் விநாடிக்கு 55 மீற்றர் போகிறது. படம் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், என்றால், ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் பந்து இரண்டே கால் மீற்றருக்கு மேல் தாண்டிவிடும். 50 பிரேம் என்றால் ஒரு மீற்றர் சொச்சம். நேரடி ஒளிபரப்பை 50 அல்லது 60 என்ற வேகத்தில் எடுக்கிறார்கள். ஆவணப்படக்காரர்களுக்கோ சினிமாத் தோற்றம் வேண்டும்; 24க்கோ 25க்கோ இறக்கிவிடுகிறார்கள். பாதிப் பந்து அங்கேயே தொலைந்துவிட்டது.

மீதிப் பாதி சுருக்கும்போது தொலைகிறது. வீடியோவைச் சுருக்கும் மென்பொருள், போன பிரேமில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு மாறியதை மட்டும்தான் புதிதாக எழுதப் பார்க்கும். புல்லும் தரையும் மாறாது, அதனால் அதற்கு லாபம். ஒரு சின்ன மஞ்சள் பொட்டு குறுக்கே பாய்வதை எழுத டேட்டா போதாமல் போனால், பொட்டைப் பூசி மெழுகிவிட்டு நகர்ந்துவிடும். யூடியூப்பில் தரம் தெரிவு செய்யும் இடத்தில் 720க்குப் பக்கத்தில் 50 அல்லது 60 என்று ஒட்டியிருந்தால் அதைப் போடுங்கள். டென்னிஸுக்குப் படத்தின் துல்லியத்தை விடப் பிரேம் எண்ணிக்கைதான் முக்கியம். செயலிக்குள்ளேயே இறக்கி வைக்கக்கூடிய படம் என்றால் இரவு டேட்டாவில் இறக்கிவிட்டுக் காலையில் பாருங்கள். பொகவந்தலாவைப் பாதையில் சிக்னல் எந்த முடக்கில் வரும், எந்த முடக்கில் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கே: பழைய போட்டிகளில் எல்லாரும் குட்டையாகவும் குண்டாகவும் தெரிகிறார்களே, போர்க் அவ்வளவு குண்டா?
– தபால் ஊழியர், லிந்துலை

ப: அந்தக் காலத்து விம்பிள்டன் சாம்பியன் போர்க் ஒல்லி. குண்டாக்கியது வீடியோவை ஏற்றியவர். பழைய டீவிப் படம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் எடுக்கப்பட்டது. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. பக்கங்களில் கறுப்புப் பட்டை வரக்கூடாது என்று இழுத்து நிரப்பினால், ஆளின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இது எனக்குப் பழக்கப்பட்ட வியாதி. புது டீவி வாங்கிய வீட்டுக்காரர்கள் பழைய கல்யாணக் கசெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "திரை முழுக்க வர வேண்டும்" என்பார்கள். பொண்ணு முகம் தோசையாகிவிடும் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

ஒரு ஆவணப்படத்தை நம்பலாமா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மைதானத்தில் எங்காவது வட்டக் கடிகாரம் தெரிகிறதா என்று தேடுங்கள். வட்டம் வட்டமாக இல்லையென்றால், படத்தைச் செய்தவர் அதை ஒருமுறைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர் வருடத்தையும் ஸ்கோரையும் மட்டும் சரிபார்த்திருப்பாரா?

இன்னொன்று, ஓடுகிறவரின் கை ஓரத்தில் கிடைக் கோடுகள் கிழிந்து தெரியும், கவனித்திருப்பீர்கள். நமக்குப் பழக்கமான பழைய டீவி முறையில் விநாடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் இரண்டு அரைப் படங்களாக, ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் ஒருமுறை என்று வரும். ஆக, விநாடிக்கு 50 தடவை அசைவு பதிவாகியிருக்கிறது. முறையாகப் பிரித்தெடுத்தால், 1980இல் எடுத்த விம்பிள்டன் நாடாவிலிருந்தும் 50 பிரேம் வழுவழுப்பாக வரும். அவசரக்காரர் இரண்டு அரையையும் ஒன்றாக ஒட்டிவிடுவார், கோடு விழும். அதைவிட அவசரக்காரர் ஓர் அரையைத் தூக்கி எறிந்துவிடுவார். அமெரிக்க முறை விநாடிக்கு 30 என்பதால், அதை 25க்கு மாற்றும்போது அமெரிக்கப் பகிரங்கப் போட்டிகள் இன்னும் கொஞ்சம் குலுங்கும்.

கே: "4கே தரத்தில் மீட்கப்பட்டது" என்று வருகிற பழைய ஆட்டங்கள் நல்லவையா?
– வாசகி, பண்டாரவளை

ப: முகம் எல்லாம் எண்ணெய் தடவின மாதிரி இருக்கும். இல்லாத விவரத்தைச் செயற்கை நுண்ணறிவு ஊகித்து நிரப்புகிறது, அவ்வளவுதான். கறையையும் தூசியையும் துடைக்கும் மென்பொருளுக்கு, ஒரே ஒரு பிரேமில் ஓரிடத்தில் தெரிந்து மறையும் வெள்ளைப் பொட்டு தூசியாகத்தான் படும். அது பந்தாகவும் இருக்கலாம் என்று அதற்கு யார் சொல்வது?

வர்ணம் பூசிய படங்களில் பந்தின் நிறத்தைப் பாருங்கள். விம்பிள்டனில் மஞ்சள் பந்து வந்தது 1986இல்தான், அதுவரை வெள்ளை. அல்தியா கிப்சன் 1957இல் வென்ற ஆட்டத்தில் மஞ்சள் பந்து பறந்தால் மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

கே: ஒரு யூடியூப் ஆவணப்படத்தில் நடால் வலது கையால் விளையாடுகிறார். அவர் இடது கைக்காரர் அல்லவா? வேறு சில படங்களில் ஆட்டமே இல்லை, வெறும் போட்டோக்கள்தான். ஏன் இப்படி?
– முச்சக்கர வண்டிச் சாரதி, மஸ்கெலியா

ப: நல்ல கண் உங்களுக்கு. நடால் இடது கைக்காரர்தான். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடவலம் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆட்டக் காட்சிகளின் உரிமை போட்டியை நடத்துகிறவர்களிடமும் ஒளிபரப்பாளரிடமும் இருக்கிறது. யாராவது அந்தக் காட்சியை ஏற்றினால் யூடியூப்பின் இயந்திரம் தானாகவே ஒப்பிட்டுப் பிடித்துவிடும். அதை ஏமாற்றத்தான் இந்தப் புரட்டல், ஓரம் வெட்டல், வேகத்தை லேசாகக் கூட்டல் எல்லாம். ஸ்கோர் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும் என்பதால் அந்த மூலையையும் வெட்டி எறிவார்கள். கடைசியில் யார், எந்தக் கையால், எந்த ஸ்கோரில் விளையாடுகிறார் என்பது ஒன்றும் மிஞ்சாது. உரிமைக்குக் காசும் இல்லை, ஏமாற்ற மனமும் இல்லை என்கிறவர்கள் போட்டோவை மெல்லப் பெரிதாக்கிக்கொண்டே போய்ப் பின்னால் பேசுவார்கள். அவர்கள் நேர்மையானவர்கள், ஆனால் அது வானொலி நிகழ்ச்சி.

உரிமை கையில் உள்ளவர்களாவது ஒழுங்காகக் காட்டுகிறார்களா என்றால், எனக்குப் பெரிய ஆவலாதியே அவர்கள்மீதுதான். 2008 விம்பிள்டன் இறுதிப்போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நடால், பெடரர், 4 மணி 48 நிமிடம், ஐந்தாவது செட் 9-7, முடியும்போது இருட்டிவிட்டது. நான்காவது செட்டின் டை-பிரேக்கில், அதாவது 6-6 என்று சமனான செட்டை முடிவு செய்யும் ஆட்டத்தில், 7-7 என்று நிற்கிறது. பெடரர் வலைக்கு வருகிறார். நடால் ஓடிப் போய் அவரைத் தாண்டிக் கோட்டோரமாக ஒரு போர்ஹேண்ட் அடிக்கிறார். 8-7, இனி ஒரு புள்ளி எடுத்தால் கிண்ணம் நடாலுக்கு. அடுத்த புள்ளியில் நடால் வலைப் பக்கம் வர, பெடரர் அதே போலக் கோட்டோரமாக ஒரு பேக்ஹேண்ட் அடித்துத் தப்பித்துவிடுகிறார். இந்த இரண்டு புள்ளியும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் எதுவும் இல்லாமல், பந்தைத் தட்டித் தட்டிப் பார்க்கும் அந்த நேரத்தோடு சேர்த்துக் காட்டப்பட வேண்டும். அந்த இடைவெளியில்தான் பார்க்கிறவனுக்கு வயிற்றைப் பிசையும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? போர்ஹேண்ட், வெட்டு, இருட்டு அறையில் உட்கார்ந்த ஒருவர் "நம்ப முடியவில்லை" என்கிறார், வெட்டு, அம்மா கண்ணை மூடுகிறார், வெட்டு, பேக்ஹேண்டின் கடைசி அரை விநாடி, கைதட்டல். சேர்வ் எங்கே? யார் யாரை எந்த மூலைக்கு இழுத்தார்? ஒரு புள்ளி எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியாமல் அது அற்புதமா இல்லையா என்று நான் எப்படி முடிவு செய்வது? டென்னிஸ் ஆவணப்படத்தின் தரத்தை நான் அளப்பது இந்த ஒன்றை வைத்துத்தான். சேர்விலிருந்து கடைசி அடி வரைக்கும், வெட்டாமல், எத்தனை புள்ளி காட்டுகிறார்கள்? ஒன்றுகூட இல்லாத படங்களும் உண்டு.

அதனால் உங்களுக்கு என் யோசனை: விம்பிள்டன், அவுஸ்திரேலியப் பகிரங்கம் போன்றவற்றின் சொந்த யூடியூப் பக்கங்களில் பழைய ஆட்டங்கள் சில முழுதாகவே கிடக்கின்றன. ஹயருக்கு ஆள் வராத நேரத்தில் அவற்றைப் பாருங்கள்.

கே: மெதுவாக ஓடும் காட்சிகளில் பந்து அடிக்கும் சத்தம் துல்லியமாகக் கேட்கிறதே, எப்படி?
– வாசகர், கினிகத்தேனை

ப: காட்சியை நாலு மடங்கு மெதுவாக்கினால் சத்தமும் இழுபட்டு உறுமலாகிவிடும். ஆகவே பிறகு சேர்த்த சத்தம்தான். சேர்க்கட்டும், தப்பில்லை. கூடவே பியானோவையும் சேர்க்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

கே: காரோட்டப் பந்தயம் பற்றிய தொடர் செய்தவர்களே டென்னிஸுக்கும் ஒன்று செய்தார்கள். அது ஏன் இரண்டு சீசனோடு நின்றுவிட்டது?
– பல்கலைக்கழக மாணவன், இராகலை

ப: நெட்ஃபிளிக்ஸின் 'பிரேக் பொயின்ட்'. 2023 ஜனவரியில் தொடங்கி, 2024இல் இரண்டாவது சீசனோடு முடிந்தது. என் கணிப்பு இது: கார்ப் பந்தயத்தில் அப்போது இருபது பேர், பந்தயம் நடக்கிற ஒவ்வொரு ஞாயிறும் எல்லாரும் ஓடுவார்கள். ஒரு பெரிய டென்னிஸ் போட்டியின் ஒற்றையரில் 128 பேர், அதில் 127 பேர் தோற்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கமராக்காரர் யார் பின்னால் போகிறாரோ அவர் முதல் வாரத்திலேயே பெட்டியைக் கட்டிவிட்டால், மிச்சக் கதைக்கு ஹோட்டல் அறைதான் கிடைக்கும். அந்தத் தொடரில் எத்தனை ஹோட்டல் அறை! பெடரர், நடால், ஜோகோவிச் என்ற பெரிய மூன்று பேரில் யாரையும் மையமாக வைக்கவும் முடியவில்லை. தூனிசியாவின் ஒன்ஸ் ஜபூர் வரும் பகுதிகளை மட்டும் பாருங்கள். 2022இல் விம்பிள்டனிலும் அமெரிக்கப் பகிரங்கத்திலும் இறுதி வரை போய்த் தோற்றவர். முகத்தில் ஒன்றையும் ஒளிக்கத் தெரியாதவர்.

கே: பெடரரின் கடைசி நாட்கள் பற்றிய படத்தைப் பார்த்து அழுதேன், ஐயா. ஆனால் முடிந்த பிறகு யோசித்தால், புதிதாக எதுவும் தெரிந்துகொண்ட மாதிரி இல்லை. குறை என்னிடமா?
– ஆசிரியை, ஹப்புத்தளை

ப: உங்களிடம் ஒரு குறையும் இல்லை, டீச்சர். 2024இல் அமேசன் பிரைமில் வந்த அந்தப் படம், 2022 செப்டெம்பரில் லண்டன் லேவர் கிண்ணத்தில் நடாலோடு இரட்டையர் ஆடி அவர் விடைபெற்றதைக் காட்டுகிறது. வெளியே காட்டும் எண்ணமில்லாமல், வீட்டு நினைவுக்காக எடுக்கத் தொடங்கிய காட்சிகள் அவை. ஆகவே அதில் எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் அழுகிறார்கள். கல்யாண வீடியோக்காரனாகச் சொல்கிறேன், காசு கொடுக்கிற வீட்டில் கமரா சமையற்கட்டுச் சண்டைக்குப் போகாது. பெடரர் படம் மிக நல்ல கல்யாண வீடியோ.

அதற்கு நேர் எதிரான ஒன்று வேண்டுமா? பொரிஸ் பெக்கர் பற்றி அலெக்ஸ் கிப்னி 2023இல் எடுத்த இரண்டு பாகப் படம் அப்பிள் டீவியில் இருக்கிறது. பதினேழு வயதில் விம்பிள்டனை வென்றவர், 2022இல் கடன் தீர்க்க முடியாத வழக்கில் சொத்தை மறைத்ததற்காக லண்டனில் சிறைக்குப் போனார். தண்டனை விதிக்கப்படுவதற்கு முந்திய நாட்களில் எடுத்த நேர்காணல் அதில் இருக்கிறது. அவர் சொல்கிற கதையை அப்படியே விழுங்காமல், "அப்படியா?" என்று கேட்கிற ஒரு குரல் கமராவுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணீர் வராது, ஆனால் படம் முடிந்தும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

நவோமி ஒசாகா பற்றிய மூன்று பகுதித் தொடர் எப்படி என்று இன்னும் சிலர் கேட்டிருந்தீர்கள். பிரெஞ்சுப் பகிரங்கத்தில் செய்தியாளர் சந்திப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லி, பிறகு விலகிய அதே 2021இல் வெளியானது. ஆட்டம் குறைவு, மௌனம் அதிகம். அந்த மௌனத்துக்காகப் பார்க்கலாம். பதின்வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

கே: எங்கள் பாடசாலையில் டென்னிஸ் கோர்ட் இல்லை. பிள்ளைகளுக்கு ஆட்டத்தை அறிமுகப்படுத்த ப்ரொஜெக்டரில் ஏதாவது ஆவணப்படம் போடலாம் என்று நினைக்கிறேன். எதைப் போடுவது?
– விளையாட்டுப் பொறுப்பாசிரியர், பூண்டுலோயா

ப: முதலில் ஆவணப்படம் வேண்டாம், சேர். ஒரு டை-பிரேக்கைப் போடுங்கள். 1980 விம்பிள்டன் இறுதி, போர்க் – மெக்கென்ரோ, நான்காவது செட். 34 புள்ளி, மெக்கென்ரோவுக்கு 18-16. ஐந்தாவது செட்டில் கிண்ணம் போர்க்குக்கு. நிறுத்தி நிறுத்தி, "அடுத்த பந்து எங்கே போகும்?" என்று கேளுங்கள். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும், அதற்குப் பிறகு விதிகளை நீங்கள் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், அவர்களே கேட்பார்கள்.

அப்புறம் ஆவணப்படம். என் கண்ணுக்கு இதுவரை வந்ததில் சிறந்தது, மெக்கென்ரோவைப் பற்றி ஜூலியன் ஃபரோ எடுத்த பிரெஞ்சுப் படம், 2018. பிரான்ஸ் டென்னிஸ் சங்கத்துக்காகப் பயிற்சிப் படங்கள் எடுத்துவந்த ஜில் த கெர்மாடெக் என்பவர், 1980களில் பிரெஞ்சுப் பகிரங்கம் நடக்கும் ரோலன் கரோஸில் 16 மில்லிமீற்றர் பிலிமில் எடுத்து மிஞ்சிக் கிடந்த சுருள்களிலிருந்து செய்தது. அந்தக் கமரா பந்தைத் துரத்தாது. ஒரே ஆளைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கும். சேர்வுக்கு முன் அவர் கிட்டத்தட்ட முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது, கால் எப்போது எழும்புகிறது, வலைக்கு எத்தனை எட்டில் வருகிறார், எல்லாம் தெரியும். பிலிம் கமராவின் ஓடும் சத்தத்தைக் கேட்டு அவர் எரிந்து விழுவதும் பதிவாகியிருக்கிறது. கடைசியில் 1984 இறுதிப்போட்டி. அந்த வருடம் 82 ஆட்டம் வென்று மூன்றில் மட்டும் தோற்றவர். லென்டிலுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு, அடுத்த மூன்றையும் விட்டுவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு முழுப் படமும் பொறுக்காது. சேர்வ் பகுதியை மட்டும் வெட்டிப் போடுங்கள்.

பெண் பிள்ளைகள் அதிகம் என்றால், அல்தியா கிப்சன் பற்றி 2014இல் வந்த படத்தையும், வீனஸ்–செரீனா சகோதரிகளைப் பற்றி 2012இல் வந்த படத்தையும் தேடிப் பாருங்கள். கிப்சன் விம்பிள்டனை வென்ற முதல் கறுப்பினத்தவர். பருத்தித் தோட்டத்தில் விளைச்சல் பங்குக்குப் பாடுபட்ட குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பகுதியை நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கே: மட்ரிட் நகரம் உயரத்தில் இருப்பதால் அங்கே பந்து அதிகம் பறக்கிறது என்று ஒரு படத்தில் சொன்னார்கள். அது 650 மீற்றர்தானாம். அப்படியென்றால் எங்கள் ஊரில் பந்து ஆகாயத்துக்கே போய்விடுமே!
– வாசகர், நுவரெலியா

ப: கிட்டத்தட்ட அப்படித்தான். நுவரெலியா 1,868 மீற்றர். கடல் மட்டத்தை விடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுக்கக் காற்று போதாது. சுழற்றி அடித்தாலும் கீழே இழுத்துப் பிடிக்க ஆளில்லை. வெளியே அழுத்தம் குறைவதால் பந்துக்குள் இருக்கும் காற்று இன்னும் கொஞ்சம் விறைப்பாகித் துள்ளலும் கூடும். அதனால்தான் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 1,219 மீற்றருக்கு மேலே ஆட உயரப் பந்து என்று தனி வகையே வைத்திருக்கிறது. அது 4,000 அடிக் கணக்கு. ஹட்டன் ரயில் நிலையமே அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது.

ஆனால் மட்ரிட்டில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: மூடுபனி. ஈரம் பட்டால் பந்தின் மேல் ரோமம் கனத்துவிடும். காலை வெயிலில் கோட்டைத் தாண்டிப் பறக்கிற அதே பந்து, பின்னேரம் பனி இறங்கியதும் வலையைத் தாண்டவே முக்கும். ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வருகிற ஆட்டக்காரர்கள் முதல் நாள் முழுக்கப் பந்தை வேலிக்கு வெளியே அடிப்பதற்குக் காரணம் நான் முதலில் சொன்ன அடர்த்தி குறைந்த காற்றுதான். குளிர் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள்.

கே: தமிழ் டென்னிஸ் வீரர்களைப் பற்றி ஆவணப்படம் ஒன்றுமே இல்லையா?
– கடை உரிமையாளர், மாத்தளை

ப: பயஸ்–பூபதி இரட்டையரைப் பற்றி ஸீ5இல் 2021இல் ஏழு பகுதித் தொடர் வந்தது. பூபதி சென்னையில் பிறந்தவர். 1999இல் நான்கு பெரிய போட்டிகளிலும் இறுதிக்குப் போய், பிரெஞ்சையும் விம்பிள்டனையும் வென்ற ஜோடி. இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் முறையிடுவதுதான் படத்தின் பெரும்பகுதி. ஆனால் இது பெடரர் படம் மாதிரி மழுப்பவில்லை, மனதில் உள்ளதைக் கொட்டுகிறார்கள்.

எடுக்க வேண்டிய படம் வேறு. நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960இலும் 61இலும் பெரியவர்களின் அரையிறுதிக்குப் போனார்; ஒருமுறை பிரேசரிடமும் மறுமுறை லேவரிடமும் தோற்றார், இரண்டு பேருமே அவுஸ்திரேலிய இடது கைக்காரர்கள். மகன் ரமேஷ் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். அதைவிடப் பெரிய கதை 1974. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்திய அணி, நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கிண்ண இறுதிக்குத் தகுதி பெற்றது. எதிரணி தென்னாபிரிக்கா. நிறவெறி அரசோடு ஆட மாட்டோம் என்று இந்தியா இறுதிப்போட்டியையே விட்டுக்கொடுத்தது. கிண்ணம் ஆடாமலேயே தென்னாபிரிக்காவுக்குப் போனது. ஆடப்படாத ஒரு போட்டி. காட்ட ஆட்டக் காட்சியே இல்லை, ஆகவே உரிமைத் தொல்லையும் இல்லை. யூடியூப் இளைஞர்களே, கேட்கிறதா?

கே: எங்கள் தோட்டத்துக் கிளப்பில் இன்னும் ஒரு டென்னிஸ் கோர்ட் இருக்கிறது. எங்கள் தாத்தா அங்கே பந்து பொறுக்கியவர். நானும் தங்கச்சியும் போனிலேயே ஒரு சின்ன ஆவணப்படம் எடுக்கலாம் என்று இருக்கிறோம். எதை எடுப்பது, எப்படி எடுப்பது?
– வாசகி, அக்கரப்பத்தனை

ப: தயவுசெய்து எடுங்கள். இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், மகள்.

முதலில் தாத்தாவின் கைவேலையை எடுங்கள், பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மார்க்கர் என்றால் துரைமாரோடு பந்து அடித்துக் கொடுக்கிறவர் மட்டுமில்லை. என் அப்பா விடிய முதலே உருளையை இழுக்கப் போய்விடுவார். சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போடுவார். வலையின் நடு உயரம் மூன்று அடி இருக்க வேண்டும். அதற்கு அவர் அளவுகோல் எடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு மர ராக்கெட்டை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் இன்னொன்றின் தலையைக் குறுக்காக வைப்பார். இருபத்தேழு அங்குலமும் ஒன்பது அங்குலமும், சரியாக முப்பத்தாறு. ஈரத்தில் ராக்கெட் கோணிப் போகாமல் இரவில் மரச் சட்டத்துக்குள் திருகி வைப்பார். அந்தக் காலத்து நரம்பு, மாட்டுக் குடலிலிருந்து செய்தது. பனிக் காலத்தில் பிசிர் விட்டு அறுந்துபோகும், அவரே உட்கார்ந்து புதிது கட்டுவார். தேய்ந்த பந்துகள் லயத்துக்கு வரும், அவற்றால்தான் நாங்கள் எல்லாரும் கிரிக்கெட் பழகினோம். உங்கள் தாத்தாவுக்கு இதில் எது ஞாபகம் இருந்தாலும், பொருளைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். கமரா கையையே பார்க்கட்டும். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பேசும்.

ஆட்டத்தை எடுக்கும்போது கோர்ட் ஓரத்தில் நின்று எடுக்காதீர்கள். தாழ்வாக வைத்தால் பந்து ஆழமாகப் போகிறதா, குட்டையாக விழுகிறதா என்று தெரியாது. பின்கோட்டுக்குப் பின்னால், உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். டீவிக்காரர் அதற்காகக் கோபுரம் கட்டுகிறார். நம் ஊரில் கோர்ட் எல்லாம் மலையை வெட்டிச் சமப்படுத்திப் போட்டவை, பின்பக்கத்தில் எப்படியும் ஒரு மண்மேடு இருக்கும். அதில் ஏறிப் போனை ஊன்றி வையுங்கள். 60 பிரேம் போடுங்கள். ஒரு புள்ளி முடியும் வரைக்கும் கையை வைக்க வேண்டாம். காற்றுச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும் என்பதால், தாத்தாவோடு பேசுவதை மட்டும் வீட்டுக்குள்ளே, அடுப்பை அணைத்துவிட்டு எடுங்கள்.

கிளப்பின் செயலாளருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து அனுமதி கேளுங்கள். உள்ளே போனால், வென்றவர்களின் பெயர் எழுதிய மரப்பலகை சுவரில் தொங்கும். அதைப் படமெடுங்கள், அதில் துரைமார் பெயர் மட்டும்தான் இருக்கும். அப்படியே பழைய சம்பளப் புத்தகம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். மார்க்கர் பெயரும் பந்து பொறுக்கிய பையன்களின் பெயரும் எங்காவது எழுதப்பட்டிருந்தால் அதற்குள்தான். தாத்தாவின் பெயரைக் கண்டால் அந்தப் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, நிழல் விழாமல் எடுங்கள். எடுத்ததை எனக்கும் அனுப்பிவையுங்கள், வெட்டி ஒட்டுவதில் உதவி வேண்டுமென்றால் காசு வேண்டாம்.